கடற்செல்வியின் பாறை

சரட், சரட், சரட். டயரை அறுத்துத் தைத்த செருப்பு பாறையில் உரசுகிற சத்தம். அதோடு கூடவே வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ஐம்பத்தைந்து வருடம் ஆகிறது. முட்டம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கடலின் சத்தம் கேட்பதில்லை மக்களே, அந்தச் செருப்பின் சத்தம்தான் கேட்கிறது. இப்போது நீ கண்டக்டரிடம் "முட்டம் ரெண்டு" என்று சொன்னாய் பார், உடனே சரட், சரட் என்று ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு பெரிய கடலை அடக்கி வைத்துவிட்டு ஒரு ஜோடிச் செருப்பு பேசுகிறது என்றால், அந்த மனிதரோடு நான் என்ன பாடு பட்டிருப்பேன் என்று நீயே நினைத்துக்கொள்.

கொஞ்சம் நகரு மக்களே, எங்கள் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் வழி பார்க்கிறாரே, அவர்தானே உன் வீட்டுக்காரர்? வழி பார்க்கட்டும். நேராகப் போகிற பஸ்ஸில் என்ன வழியோ. ஆண்கள் அப்படித்தான். அஸ்தமனம் பார்க்கத்தானே போகிறீர்கள்? எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள். நான் வெள்ளிச்சந்தையில் இறங்கிவிடுவேன், அங்கே என் தங்கை வீடு. அதுவரைக்கும் சொல்கிறேன். உனக்கும் புதுக் கல்யாணம் மாதிரி இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் கவிதை எழுதுவேன். எழுதுவேன் என்றால், அப்போது எழுதினேன். நாகர்கோவிலில் பி.ஏ. தமிழ் படித்தேன். எங்கள் தெருவில் பி.ஏ. வரை போன முதல் பெண் நான்தான். மூன்றாம் வருடம் கல்லூரி மலரில் என் பாட்டு வந்தது. தாணம்மை என்ற பேரைப் பார்த்தால் யார் கவிதை என்று நம்புவார்கள்? கடற்செல்வி என்று போட்டேன். முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்கிற பாட்டு. இப்போதும் மனப்பாடம்.

முட்டத்துப் பாறையிலே முழங்காலைக் கட்டியமர்ந்து
கட்டறுத்த கடல்கிழித்துக் கதிரேறக் கண்டேன்நான்
சொட்டுகின்ற பொன்னெடுத்துச் சூடிக்கொண்டேன் தனியாக
எட்டுகின்ற தூரத்தில் இருந்தானே என்பரிதி.

எப்படி இருக்கிறது? நாலு வரியிலும் எதுகை தப்பவில்லை. எங்கள் தமிழம்மா ஓரத்தில் சிவப்பு மையில் 'அனுபவித்து எழுதியிருக்கிறாய்' என்று எழுதித் தந்தார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, நீ சேலத்துப் பெண், நாளைக்கு என்னை எங்கே பார்க்கப் போகிறாய். அந்தப் பாட்டை எழுதும்போது நான் முட்டத்தைப் பார்த்ததே இல்லை. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள்தான், பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை வடசேரிச் சந்தைக்கு விடுவதே பெரிசு. கன்னியாகுமரிக்கு ஒரு தை அமாவாசைக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவின் முதுகைத்தான் பார்த்தேன். அது போக நான் பார்த்த பெரிய தண்ணீர் சுசீந்திரம் தெப்பக்குளம். ஆனால் கவிதைக்கு நேரில் போக வேண்டும் என்று சட்டமா? கன்னி, மின்னி, பொன்னி என்று கன்னியாகுமரியை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். முட்டம் மிச்சம் இருந்தது, எதுகையும் வாகாக வந்தது. உதயத்துக்கு எங்கள் வீட்டு ஜவுளிக்கடைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அப்பா என்ன செய்தார், மாப்பிள்ளை தேடும்போது ஜாதகத்தோடு அந்தக் கல்லூரி மலரையும் சேர்த்து வைத்து அனுப்பினார். மற்றவர்கள் போட்டோ அனுப்புவார்கள், எங்கள் அப்பா மலர் அனுப்பினார். மூன்று இடத்திலிருந்து ஜாதகமும் மலரும் பத்திரமாகத் திரும்பி வந்தன. நாலாவதாக மன்னார்குடியிலிருந்து மலர் மட்டும் வந்தது. என் பாட்டு இருந்த பக்கத்தை மட்டும் பிளேடால் நேராக அறுத்து எடுத்திருந்தார்கள். அவ்வளவு நேராக ஒரு கிழிசலை நான் பார்த்ததில்லை. பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை சர்வேயர்.

பேர் வைத்தியலிங்கம். சர்வே இலாகாவில் வேலை. வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளக்கிற உத்தியோகம், சும்மா நடந்தாலும் வாய்க்குள் அடி எண்ணுவார். மன்னார்குடிப் பக்கம் நிலம் தட்டையாக இருக்கும். ஒரு மேடு, ஒரு பாறை கிடையாது. அந்த மனிதர் பெண்பார்க்க வந்து உட்கார்ந்தார், காப்பி குடித்தார், வேறெதுவும் கேட்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

"முட்டத்துல அந்தப் பாறை இன்னும் இருக்குங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன், "பாறை எங்க போவும்?"

கூடமே சிரித்தது. கல்யாணம் முடிவாகிவிட்டது. சிரித்து முடித்ததும் அவர், "ஒரு நாளைக்கு நீங்க எனக்குக் காட்டணும்" என்றார். நான் "சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? இல்லை, நான் போனதே இல்லை, காலண்டர் பார்த்து எழுதினேன் என்று, அத்தனை பேர் முன்னால், அதுவும் மூன்று இடம் தட்டிப்போன பிறகு?

தையில் கல்யாணம். பங்குனியில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தோம். வந்த மறுநாள் காலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டைப் பையில் என் பாட்டு, கையில் அவருடைய அளவுப் புத்தகம். "செல்வி, கிளம்பலாமா?" செல்வி என்றால் நான்தான். கடற்செல்வியைச் சுருக்கி அப்படித்தான் கடைசிவரை கூப்பிட்டார். தாணம்மை என்று அந்த வாயால் ஒரு தரம் கேட்டதில்லை. கேலிதான், வேறென்ன.

அம்மா தயிர்சாதமும் நார்த்தங்காயும் ஏத்தங்காய் வறுத்ததும் கட்டித் தந்தாள். எனக்குப் பயம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பாறைதானே, ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டால் போகிறது, பாறையிலா பேர் எழுதி ஒட்டியிருக்கிறது என்று தைரியமாகத்தான் போனேன்.

முட்டத்தில் இறங்கினோம். ஒன்பதரை மணி. கடல் முன்னால் இருக்கிறது. வெயில் முதுகில் அடிக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், தென்னந்தோப்புக்கு மேலே சூரியன் நிற்கிறது. புரிகிறதா? உதயம் கடலில் இல்லை. தோப்பில். கடல் மேற்கே இருந்தது மக்களே. எல்லாக் கடலும் கிழக்கே இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். காலண்டரில் அப்படித்தான் இருந்தது.

அவர் எங்கே போனாலும் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்தில் இறங்கினால் முதலில் சூரியனைப் பார்ப்பார், அப்புறம் தன் நிழலைப் பார்ப்பார், ஒரு கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கும் செய்தார். சூரியனைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், ரொம்ப நேரம். நான் அன்றைக்கு மயில்கழுத்துச் சேலை கட்டியிருந்தேன், எனக்கு அது எடுப்பாக இருக்கும்.

"என்ன, அப்படிப் பாக்குதிய?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, வெயில் கண்ணக் கூசுது" என்றார்.

முதுகில் அடிக்கிற வெயில் கண்ணைக் கூசுகிறதாம். அந்த நிமிடமே எனக்கு உயிர் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜில்லா ஜில்லாவாக அளந்தவருக்குக் கிழக்கும் மேற்கும் தெரியவில்லை. அப்போது என் மனக்கணக்கு இதுதான். காலையில் தெரியாதவருக்கு மத்தியானமும் தெரியாது. சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குகிறதைப் பார்த்தால் மட்டும் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் இவரை பஸ் ஏற்றிவிட வேண்டும். அது முடிந்தால் என் மானம் தப்பியது. முடியாவிட்டால், கல்யாணமாகி ரெண்டு மாதத்தில், பொய்க்காரி என்று மன்னார்குடிக்குப் போக வேண்டும். அதுவும் எதற்காக என் கழுத்தில் தாலி கட்டினாரோ அந்தப் பாட்டே பொய் என்று.

பாறை தேட ஆரம்பித்தோம்.

நீ போய்ப் பார்ப்பாய், முட்டத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. யானை யானையாகக் கிடக்கும். தவிட்டு நிறம், கறுப்பு, செம்மண் மேட்டுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. நாலு தரம் 'ஆகா' என்று சொன்னேன். அவர் ஒரு 'ஆகா' சொல்லவில்லை. சரட், சரட் என்று முன்னால் போவார். நின்று திரும்பி, கையை நீட்டி என்னைப் பாறை தாண்டவைப்பார். "இதுவா செல்வி?"

முதல் பாறையில் வலை உலர்த்தியிருந்தார்கள். "இது இல்ல, இன்னும் கொஞ்சம் பெரிசு."

ரெண்டாவது பாறை பெரிசாக இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தால், ஊரே காலையில் அங்கேதான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. பாறைகளின் மறுபக்கத்தைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுவும் இல்ல" என்றேன்.

"நல்லவேளை" என்றார்.

மூன்றாவது பாறையில் சுண்ணாம்பால் யாரோ ஒருத்தன் தன் பேரையும் ஒரு பெண் பேரையும் எழுதி வைத்திருந்தான். அதைக் காட்டி, "இது நான் வந்தப்ப இல்ல" என்றேன். பேரைச் சொன்னேனா பாறையைச் சொன்னேனா என்று அவர் கேட்கவில்லை. நடுவில் வேறு, "எட்டுகின்ற தூரத்தில்னு எழுதியிருக்கியே, அது எத்தன அடி இருக்கும்?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூரியனுக்கும் எனக்கும் எத்தனை அடி என்று கேட்கிற மனிதரோடு ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். "மனசால எட்டுத தூரம்" என்றேன். "அப்ப சரி" என்றார். சரட், சரட். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று.

அப்போதுதான் அந்த மீன்கூடைக்காரி வந்தாள். பேர் மரிய புஷ்பம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சொல்கிறேன். தலையில் கூடை, வாயில் வெற்றிலை. எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாரத் தேடுதிய?"

"இவங்க முந்தி இங்க உக்காந்து பாட்டு எழுதுன பாறையத் தேடுறோம்மா" என்றார் அவர். மறைக்கத் தெரியாத மனிதர்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தப் பிள்ளயா? தனியா இங்கன வந்து இருந்திச்சா? எங்கப்பச்சன் கண்டிருந்தா தொலிய உரிச்சிருப்பாரே. என்னத்த எழுதிச்சு?"

அவர் உடனே பையிலிருந்து தாளை எடுக்காமலேயே சொன்னார். முழுப் பாட்டும். பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல். எனக்குக் கூசியது. என் பாட்டை அப்படிக் கொலை செய்து நான் கேட்டதில்லை. முட்டத்துப் பாறையிலே... கதிரேறக் கண்டேன்நான்...

"கதிரு ஏறவா?" என்று கூடைக்காரி கூடையை இறக்கினாள். "ஏ மக்கா, இங்கன கதிரு எங்க ஏறும், கதிரு இங்கன கடல்ல..."

முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது என்ன மீனும்மா?" என்றார் அவர்.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன், கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சைவம் மக்களே. இரண்டு குடும்பத்திலும் ஏழு தலைமுறைக்கு மீன் வாசனை கிடையாது. அந்த மனிதர் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு, இது சாளையா, அது அயிலையா, எதற்கு முள் அதிகம், எப்படிச் சுத்தம் செய்வது, குழம்புக்குப் புளியா மாங்காயா, உங்க பேர் என்ன, எத்தனை பிள்ளைகள், மூத்தவனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கால் மணி நேரம். ஒரு புது மாப்பிள்ளை, வெள்ளை வேட்டி, மீன் தண்ணீர் அதில் சொட்டுகிறது. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் உண்டா? இங்கிதம் என்பது சொல்லிக்கொடுத்து வருகிறதில்லை. ஆனால் ஒன்று, அந்தப் பேச்சில் மரிய புஷ்பம் கதிரை மறந்துபோனாள். மூத்த மகனின் கல்யாணக் கதையைச் சொல்லி முடித்து, கூடையைத் தூக்கி வைக்கச் சொல்லி, வாழ்த்திவிட்டுப் போய்விட்டாள். என் அதிர்ஷ்டம். அவருடைய அசட்டுத்தனத்தால் எனக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. அடுத்து வந்த பாறையைக் காட்டி "இதுதான்!" என்றேன். மேலே தட்டையாக, ஏறுவதற்கு ரெண்டு படி மாதிரி வெட்டுவிழுந்த பாறை. சுத்தமாகவும் இருந்தது.

"இதுதானா?"

"இதேதான். எனக்கு மறக்குமா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கோயிலுக்குள் போகிற மாதிரி. கைக்குட்டையை விரித்து, "உக்காரு. பாட்டுல இருக்கிற மாதிரி" என்றார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேதான் தயிர்சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் பாறையை நடந்து அளந்தார், நீளம் பதினொன்று, அகலம் ஆறு. அளவுப் புத்தகத்தில் படம் வரைய ஆரம்பித்தார். கேமரா கிடையாது, அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது. வரைகிற மனிதர் எங்காவது ஓரமாக நிற்கலாம் அல்லவா? சரியாக எனக்கும் கடலுக்கும் நடுவில், பாறையின் விளிம்பில் போய் நின்றார். ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் எழும்பி அவர் முதுகில் அடிக்கிறது. வேட்டி நனைந்து ஒட்டிப்போயிற்று. எனக்குக் கடலே தெரியவில்லை. என் முதல் கடல். அவர் தோளுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது, அவ்வளவுதான். கவிதை வருவதற்கான மத்தியானம் அது. மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இதற்கு நடுவில் சூரியன் உச்சியைத் தாண்டி முன்பக்கம் வந்துவிட்டது. எனக்கு ஒரு கண் அதிலேயே. ஒரு மணிக்கு, "அம்மா தேடுவா" என்றேன். ரெண்டு மணிக்கு, "இந்தப் பக்கம் பாம்பு உண்டும்னு சொல்லுவாவ" என்றேன். மூன்று மணிக்கு, முங்கிச் செத்தவர்களின் ஆவியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும், "இந்தா முடிஞ்சுது" என்பார், கோடு போடுவார், அழிப்பார். அப்புறம், "ஒருக்கா நீ சொல்லேன் அந்தப் பாட்ட" என்றார். சொன்னேன். நான் சொன்னால் நன்றாக இருக்கும். அலைச் சத்தத்தோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முடித்துப் பார்த்தால் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். கேட்டாரோ இல்லையோ.

நாலரை மணிக்கு மேலே ஏறி வந்தோம். வெயில் மஞ்சளாக, நேர் எதிரே, கடலுக்குமேல். இனியும் ஒரு குருடனுக்குத்தான் தெரியாமல் இருக்கும். கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் ஒருவர் வாசலில் நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன சார் கிளம்புதிய? இன்னும் ரெண்டு மணி நேரம் இருங்க. அதுக்குத்தான ஆளுங்க வாறது. சூரியன் அப்படியே..."

"அம்மா!" என்று அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "செல்வி, தலை பிளக்குது. உடனே பஸ்ஸப் பிடிக்கணும்."

கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் நம்பினேன். நாலு மணி நேரமாகப் பாம்பும் ஆவியும் செய்யாததை ஒரு தலைவலி செய்துவிட்டது. சித்திரை வெயிலில் குடையில்லாமல் வயலில் நிற்கிற உத்தியோகம், பங்குனிச் சாயங்கால வெயில் தாங்கவில்லை பார். அவ்வளவு பலவீனமான உடம்பு. பஸ்ஸிலும் படுதாவை இறக்கிவிட்டுவிட்டார், வெளிச்சம் ஆகாதாம். வெளியே என்ன நடந்தது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சுக்குப் பற்றுப் போட்டாள். மாப்பிள்ளைக்குத் தலைவலி என்றால் லேசா? மூன்று நாள், மூன்று வேளையும். நெற்றி வெந்து தோல் உரிந்துவிட்டது. ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது, விபூதி இட்டால் எரிகிறது என்பார்.

அதற்கப்புறம் என் கதை முடிந்தது. மன்னார்குடி. ரெண்டு பிள்ளைகள். கவிதை வரவில்லை. எப்படி வரும்? பக்கத்து அறையில் ஒருவர் அடி எண்ணிக்கொண்டு நடந்தால் சீர் எப்படி அமையும்? ஒவ்வொரு தைக்கும் ஒரு நோட்டு வாங்கி வந்து மேஜையில் வைப்பார். கோடு போட்ட நோட்டு. கோட்டுக்குள் கவிதை வருமா? கோலம் வரைந்து வைத்தேன். அடுத்த தைக்கு நோட்டைத் திறந்து பார்ப்பார், கோலத்தைப் பார்ப்பார், மூடிவிட்டு இன்னொரு நோட்டு வாங்கி வருவார். நாற்பத்தொரு நோட்டு. அப்படியாவது ஒரு நாள் வாயைத் திறந்து, ஏன் எழுதவில்லை என்று கேட்டாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உங்களால்தான் என்று.

கன்னியாகுமரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். அஸ்தமனம் பார்க்கலாம் என்று குழந்தைகள் அழுதார்கள். "நம்ம வீட்ல உதயம்தான்" என்று ஐந்து மணிக்கே அறைக்குக் கூட்டி வந்துவிட்டார். ரசனை இல்லை. ஒரு சாயங்காலத்தை அவர் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

அதைவிட அவமானம் ஒன்று. ஆபீஸில் யாரிடம் பேசினாலும் முட்டத்து உதயத்தைச் சொல்லிவிடுவார். பார்க்கவேண்டிய காட்சி, என் சம்சாரம் அதைப் பாட்டாக எழுதியிருக்கிறாள் என்று. ஒரு தடவை கலியமூர்த்தி என்று கூட வேலை பார்த்தவர், குடும்பத்தோடு முட்டம் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து கத்துகிறார். "யோவ் வைத்தி, நீ சொன்னன்னு பொண்டாட்டி புள்ளைய விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போயி கடலப் பாத்துக்கிட்டு நின்னேன்யா. சூரியன் முதுகுப் பக்கம் தோப்புல வருது. அது மேற்குக் கடலுய்யா!"

நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இப்போது தெரிந்துவிடும், இந்த நிமிடம் தெரிந்துவிடும் என்று.

"ஒனக்குத் தெரியாது கலியமூர்த்தி" என்கிறார் இவர், நிதானமாக. "எங்க வீட்டம்மா பாத்திருக்காங்க."

"நீயெல்லாம் எப்படிய்யா சர்வேயர் ஆன?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து ஆபீஸில் பேரே 'உதயம் சார்' என்று ஆகிவிட்டது. ரிட்டயர் ஆகிற அன்றைக்குப் போட்ட பூமாலையில்கூட அந்தப் பேரை எழுதி ஒட்டியிருந்தார்கள். கலியமூர்த்தியின் மனைவி என்னைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். முட்டாளின் மனைவி என்ற பேர் எனக்கு. எனக்காகவாவது அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா?

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறாயா? சொல்ல நினைத்தேன். எத்தனையோ தரம். ஆனால் அவ்வளவு நம்பியவரிடம் எப்படிச் சொல்வது? மனசு ஒடிந்துவிடும். அதனால் நான் ஒருத்தியாகவே சுமந்தேன். ஒரு பொய்யை நாற்பத்தொரு வருடம் தனியாகச் சுமப்பது எப்படிப்பட்டது தெரியுமா மக்களே? ஒரே வீட்டில், ஒரே பாயில், பக்கத்தில் இருக்கிற மனிதருக்கு ஒன்றும் தெரியாமல். அந்தத் தனிமையைப் பற்றி எழுதியிருந்தால் அது கவிதை. எழுதவில்லை.

இரு, ஒன்று காட்டுகிறேன். பையில்தான் வைத்திருக்கிறேன். இதுதான் அந்த அளவுப் புத்தகம். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. உள்ளே பார், என் பாட்டின் தாள், மடித்த இடமெல்லாம் துணி வைத்து ஒட்டியிருக்கிறார். இந்தப் பக்கம்தான் பாறைப் படம். நீளம் பதினொன்று, அகலம் ஆறு. இந்த மூலையில் கலங்கரை விளக்கம். இடது பக்கம் முழுக்கக் கடல். பாறைமேல் இந்தச் சின்னப் புள்ளி நான். அழகாகத்தான் வரைந்திருக்கிறார், அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த மூலையைப் பார். இந்த அம்புதான் வடக்குக் குறி. படத்தில் வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர் கீழே பார்க்கப் போட்டிருக்கிறார். வடக்கு கீழே போனால் இடது பக்கக் கடல் கிழக்கு ஆகிவிடும் அல்லவா? என்ன வேடிக்கை பார்த்தாயா. இன்னும் கேள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. மேலே பார்க்க ஒரு அம்பு பென்சிலில் இருந்திருக்கிறது, அழித்த தடம் தெரிகிறதா? முதலில் சரியாகப் போட்டிருக்கிறார். அதை அழித்துவிட்டு, மெனக்கெட்டு மையில் தப்பாகப் போட்டிருக்கிறார். இப்படியும் ஒரு மனிதர் உண்டா?

என்ன, அப்படிப் பார்க்கிறாய்? கண்ணில் தூசி விழுந்துவிட்டதா? ஜன்னலைச் சாத்து, செம்மண் காற்று இந்த ரோட்டில்.

வெள்ளிச்சந்தை வந்துவிட்டது, பையைக் கொடு. புத்தகம், புத்தகம், அதைக் கொடு முதலில். என்ன கேட்டாய்? உத்தியோகத்திலும் இப்படித்தான் இருந்தாரா என்றா? இல்லை மக்களே. அவர் ரெண்டாயிரத்துப் பதினொன்று ஐப்பசியில் மன்னார்குடியில் போனார், மாரடைப்பு. முப்பத்துநாலு வருட சர்வீஸில் அவர் வரைந்த படம் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை.